போர்வைக்குள் மறைந்திருப்பது

மார்கழியும் தையும் மலைநாட்டில் வாழ்வோர்க்குக் கடுமையான மாதங்கள். சமவெளியில் இருக்கும் நாம் ஒரு மெல்லிய போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “என்ன குளிர்!” என்று வியக்கும் அதே இரவில், கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் புல்லின்மேல் உறைபனி படிந்து கிடக்கிறது. அங்கே ஒரு போர்வை என்பது அலங்காரப் பொருளன்று. வயது முதிர்ந்தோர்க்கும் நோயாளிகளுக்கும் அது மருந்துக்கு ஒப்பானது.

மலையடிவாரத்துப் பங்கு ஒன்றைச் சேர்ந்த தாய்மார் சிலர், சனிக்கிழமைதோறும் கூடித் தைப்பது எங்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர், மலைமேல் உள்ள ஒரு முதியோர் இல்லத்திற்குப் பன்னிரண்டு பஞ்சுப் போர்வைகள் தைத்துக் கொடுக்க முடிவு செய்தோம். வண்ண வண்ணத் துணித் துண்டுகளைச் சதுரங்களாக வெட்டி இணைத்து மேல்துணி அமைத்தோம். பூவேலையும் செய்தோம். எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் பொருந்தும் என்பதைப் பற்றி மூன்று வாரங்கள் விவாதித்தோம். உள்ளே வைக்க வேண்டிய பஞ்சைப் பற்றியோ, மூன்று நிமிடங்கள்கூடச் சிந்திக்கவில்லை. இலவம் பஞ்சு எங்கள் பகுதியில் எளிதில் கிடைப்பது. கையில் எடுத்தால் பட்டுப்போல் வழுக்குவது. தலையணைக்கு அதுதானே இடுகிறோம் என்று எண்ணி, அதையே நிரப்பித் தைத்து அனுப்பினோம்.

அடுத்த ஆண்டு அந்த இல்லத்தைக் காணச் சென்றோம். ஒரு பாட்டியின் கட்டிலில், நாங்கள் தைத்த போர்வை அழகாக மடித்துக் கால்மாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அவரோ பழைய விரிப்பு ஒன்றை இரண்டாக மடித்துப் போர்த்தியிருந்தார். “ஏன் பாட்டி, போர்வை பிடிக்கவில்லையா?” என்று கேட்டோம். “நல்லாத்தான் இருக்கு தாயி. அழுக்காயிரக் கூடாதேன்னு எடுத்து வச்சிருக்கேன்” என்றார். போர்வையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. ஒரே ஒரு முறை துவைத்ததில் பஞ்சு முழுவதும் மூலைகளில் கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது. நடுப்பகுதியில் இரண்டு துணிகள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. இலவு காத்த கிளியின் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அந்தக் கிளியின் ஏமாற்றத்தை ஒரு மூதாட்டிக்கு நாங்களே கொடுத்துவிட்டோமே என்று வெட்கினோம்.

அந்த வெட்கத்தின் பயனாக, உள்ளே வைக்கும் பஞ்சைப் பற்றிக் கேட்டும் சோதித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். பருத்தியாயினும் கம்பளியாயினும் செயற்கை இழையாயினும், எளிமை கருதி அனைத்தையும் ‘உட்பஞ்சு’ என்றே குறிப்பிடுவோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

போர்வை சூடு தருகிறது என்கிறோம். உண்மையில் போர்வைக்குச் சொந்தமாகச் சூடு ஏதும் இல்லை. நம் உடலின் வெப்பம் வெளியே ஓடிவிடாமல் தடுப்பதே அதன் பணி. அப்பணியைச் செய்வது பஞ்சின் இழைகளைவிட, இழைகளுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே ஆகும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. எனவே நல்ல உட்பஞ்சு என்பது, குறைந்த எடையில் மிகுந்த காற்றைப் பிடித்து வைத்திருப்பது. அமுக்கி விட்டால் மீண்டும் எழும்புவது. துவைத்த பின்னும் இடம் பெயராமல் இருப்பது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். கனமான போர்வைதான் சூடானது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அமுங்கிக் கெட்டியாகிப்போன மூன்று கிலோப் பஞ்சைவிட, உப்பி நிற்கும் ஒரு கிலோப் பஞ்சு மிகுந்த சூட்டைக் காக்கும். பஞ்சு நனைந்துவிட்டாலோ, காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. வெப்பம் விரைந்து வெளியேறிவிடுகிறது. ஆகவே மூடுபனியும் மழையும் மிகுந்த ஊரில், ஈரத்தை ஒரு பஞ்சு எவ்வாறு தாங்குகிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும்.

இலவம் பஞ்சு

முதலில் எங்களை ஏமாற்றிய இலவத்தையே எடுத்துக்கொள்வோம். ஏமாற்றியது அதன் குற்றமன்று. இடமறியாமல் பயன்படுத்தியது எங்கள் குற்றம். போடிநாயக்கனூர் வட்டாரத்து இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் பெயர்பெற்றது. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடான நுண்ணிய குழாய். மேலே மெழுகுபோன்ற பூச்சு உண்டு. அதனால் மிக இலேசாக இருக்கும், நீரில் மிதக்கும். முற்காலத்தில் கப்பலில் செல்வோர் அணியும் உயிர்காப்புச் சட்டைகளில் இதனை அடைத்தனர்.

ஆனால் அந்த இழை வழவழப்பானது, எளிதில் முறியக்கூடியது. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. எனவே தலையணைபோலத் திணித்து நிறைத்த உறைக்குள் நன்றாக இருக்கும். பரப்பி வைத்த போர்வைக்குள் ஓடித் திரளும். துவைப்பதற்கும் ஏற்றதன்று. நெருப்புப் பொறி பட்டால் சட்டெனப் பற்றிக்கொள்ளும். தலையணையில் இலவம் இருக்கட்டும். போர்வைக்கு அது வேண்டா.

பருத்தி

வட இந்தியாவில் ‘ரஜாய்’ எனப்படும் குளிர்காலப் போர்வைக்குத் தொன்றுதொட்டுப் பருத்திப் பஞ்சையே பயன்படுத்துகின்றனர். பஞ்சை வில்லால் அடித்து நொய்தாக்கிப் பரப்பி, மேலும் கீழும் துணி வைத்துத் தைப்பர். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ரஜாய்கள் அங்குச் சாதாரணம். ஆயின் ஜெய்ப்பூர் நகரத்து ரஜாய்கள், மிகக் குறைந்த பஞ்சை நன்கு அடித்துச் சீராகப் பரப்பும் திறத்தால், இலேசாக இருந்தும் இதமாக இருப்பதற்குப் புகழ் பெற்றவை. பஞ்சின் அளவைவிடப் பக்குவம் பெரிது என்பதற்கு அவை நல்ல சான்று.

பருத்தி உடம்புக்கு இனியது, வியர்வையை உறிஞ்சும், புழுக்கம் தராது. ஆனால் நாளடைவில் அமுங்கிக் கெட்டிப்படும். அதனால்தான் அங்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரஜாயைப் பிரித்துப் பஞ்சை மறுபடி அடித்து நிரப்புகின்றனர். நனைந்த பருத்திப் போர்வை மிகக் கனமாகிவிடும். வெயில் இல்லாத நாளில் எளிதில் உலராது. முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவதும் உண்டு. 220 சென்டிமீட்டர் நீளமுள்ள போர்வை 5 விழுக்காடு சுருங்கினால் 11 சென்டிமீட்டர் குறைந்துவிடும் அன்றோ? இதனை எண்ணியே அளவு வெட்ட வேண்டும்.

உதிரிப் பஞ்சைப் பரப்பித் தைப்பதானால், தையல் வரிகளுக்கிடையே மூன்று அல்லது நான்கு விரல் இடைவெளிக்கு மேல் விடலாகாது. இப்போது பருத்தியை ஊசிகளால் குத்திப் பிணைத்து, ஒரே விரிப்பாகவும் விற்கின்றனர். அத்தகைய விரிப்பில் ஒரு சாண் இடைவெளி விட்டும் தைக்கலாம். எத்துணை இடைவெளி தாங்கும் என்பதை வாங்கும்போதே கேட்டறிவது நலம்.

கம்பளி

ஆட்டு உரோமத்தின் இழை இயல்பாகவே சுருள் சுருளானது. அச்சுருள்களே காற்றைப் பிடித்து வைக்கின்றன. அமுக்கி விட்டாலும் மீண்டும் எழும்புகின்றன. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தைக் கொண்டிருக்கும். கம்பளி ஏறக்குறைய 16 விழுக்காடு கொண்டிருக்கும். ஆயினும் தொட்டால் ஈரம் தெரியாது. மூடுபனி சூழ்ந்த வீட்டில் கம்பளி இதமாக இருப்பதன் காரணம் இதுவே. எளிதில் தீப்பற்றாது என்பதும் அதன் பெருஞ்சிறப்பு.

நம் மலைகளுக்கும் கம்பளிக்கும் உறவு உண்டு. மென்மையான உரோமம் தரும் ஆட்டினம் ஒன்று நீலகிரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. எனினும் போர்வைக்கு ஏற்றவாறு கழுவி, சிக்கெடுத்து, விரிப்பாக அமைத்த கம்பளி எல்லாக் கடைகளிலும் கிடைப்பதன்று, விலையும் மிகுதி. வெந்நீரில் இட்டு அலசித் தேய்த்தால் சுருங்கி, தடித்த அட்டைபோல் ஆகிவிடும். அந்துப்பூச்சி அரிக்கும். பொறுமையோடு பேணுவோர் கையில்தான் கம்பளி நிலைக்கும்.

செயற்கை இழை

பாலியெஸ்டர் இழையை 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் உருவாக்கினர். இன்று கடைகளில் வெள்ளை வெளேரென்று உப்பி நிற்கும் விரிப்புப் பஞ்சு பெரும்பாலும் இதுவே. விலை மலிவு, எடை குறைவு, சுருங்காது, பூச்சி அரிக்காது. ஈரத்தை அரை விழுக்காடுகூட உறிஞ்சாததால் துவைத்த பின் விரைந்து உலரும்.

குறைகளும் உள. ஈரத்தை உறிஞ்சாத அதே குணத்தால், வியர்ப்பவர்க்குப் புழுக்கம் உண்டாகும். நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். மட்டமான வகையாயின், இழைகள் துணியின் கண்கள் வழியே வெளிவந்து, மேலே தாடி முளைத்தாற்போல் தோன்றும். கருநிறத் துணியில் இது மிகவும் தெரியும். நெருக்கமாக நெய்த துணியைப் பயன்படுத்துவது இதற்கு ஓரளவு மருந்தாகும். பருத்தி 80 பங்கும் பாலியெஸ்டர் 20 பங்கும் கலந்த விரிப்பும் உண்டு. இரண்டின் குணமும் ஓரளவு அமைந்திருப்பதால் வீட்டு உபயோகத்திற்குப் பலர் அதனை விரும்புகின்றனர்.

பழம் புடவையும் பஞ்சாகும்

கடைக்குச் செல்லாமலே உட்பஞ்சு காணும் வழியும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, ஓட்டுத் தையலிட்டுக் ‘காந்தா’ என்னும் போர்வையைச் செய்கின்றனர். கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றலான சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கக் குடும்பங்களும் உள. அம்மக்களின் பெண்கள் கந்தைத் துணிகளை இணைத்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதி வரை தைத்து, நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூக்களை வைத்து முடிக்கின்றனர். அப்பூக்கள் இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு முழுமை பெறாதது. அங்கே கந்தையின்மேல் கந்தை அடுக்கும் அந்த அடுக்குகளே உட்பஞ்சின் வேலையைச் செய்கின்றன. உறைபனிக் குளிருக்கு அது போதாதாயினும், நம் ஊர் மார்கழிக்கு நான்கைந்து பழம் பருத்திப் புடவைகள் தாராளமாகப் போதும். பாட்டியின் புடவைக்குள் பேரன் உறங்குவதைவிட வேறென்ன இதம் வேண்டும்?

வாங்குமுன் சோதியுங்கள்

நாங்கள் இப்போது கைக்கொள்ளும் சோதனைகள் எளியவை. ஒரு பிடி பஞ்சை இறுக்கி அமுக்கி விட்டுப் பாருங்கள். உடனே எழும்பாத பஞ்சு காற்றைப் பிடிக்காது. விரிப்பை வெளிச்சத்திற்கு நேரே பிடியுங்கள். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் தெரிந்தால் குளிர் அந்த மெலிந்த இடத்தின் வழியே புகும். இரு கைகளாலும் மெதுவாக இழுங்கள். எளிதில் பிரிவது துவைப்பைத் தாங்காது. பருத்தியானால் விதைத் தூசியும் இலைச் சருகும் உளவா என்று பாருங்கள்; அவை வெளிர்நிறத் துணியில் கறையாக ஊறும்.

கடைக்காரர் சொல்லும் இழைதானா என்று ஐயம் எழுந்தால், சிறு துணுக்கை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் பொசுங்கித் தானே அணையும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியபின் கடினமான கருமணியாகும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

எல்லாவற்றினும் சிறந்த சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் அகலத்தில் சிறு மாதிரி தைத்து, மூன்று முறை துவைத்து உலர்த்திப் பாருங்கள். அந்த ஒரு சாண் துணியை நாங்கள் அன்றே துவைத்துப் பார்த்திருந்தால், அந்தப் பாட்டி ஒரு குளிர்காலம் முழுவதும் நடுங்கியிருக்க மாட்டார்.

அளவு கணக்கிடுவதும் எளிது. விரிப்புப் பஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பிட்டு விற்பர். 1.5 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் நீளமும் உள்ள போர்வையின் பரப்பு 3.3 சதுர மீட்டர். 200 கிராம் வகையானால் உட்பஞ்சு 660 கிராம் இருக்கும். 300 கிராம் வகையானால் 990 கிராம் இருக்கும். விளிம்பில் நான்கு விரல் மிகுதியாக விட்டு வெட்டுங்கள். தைக்கும்போது அது உள்வாங்கும். துணிகளை முன்னரே நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள்.

யாருக்காகத் தைக்கிறோம்?

எது சிறந்த பஞ்சு என்று கேட்பதைவிட, யார் போர்த்துவார், யார் துவைப்பார் என்று கேட்பதே சரியான கேள்வி. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு உறங்கும்போது எந்தப் பஞ்சுப் போர்வையும் வேண்டா. முகத்தை மூடி மூச்சுத் திணறச் செய்யும் அபாயம் உண்டு. குழந்தைக்கு உடையாலேயே சூடு தாருங்கள். முதியவர்க்கு இலேசான போர்வை வேண்டும். கனத்தைத் தூக்கித் திரும்பிப் படுக்க அவரால் இயலாது. இரவில் மிகுதியாக வியர்ப்பவர்க்குப் பருத்தியோ கம்பளியோ ஏற்றது. தூசியால் இளைப்பு வருபவர்க்கு, அடிக்கடி துவைக்கக்கூடியதே நல்லது. கணப்புச் சட்டி அருகில் உறங்குவோர்க்குச் செயற்கை இழை ஆகாது.

இரண்டாம் முறை தைக்கத் தொடங்குமுன், அந்த இல்லத்தின் பொறுப்பாளரான சகோதரியிடம் சென்று, “சிஸ்டர், போர்வைகளை யார் துவைக்கிறார்கள்? எங்கே உலர்த்துகிறீர்கள்?” என்று கேட்டோம். இருவரே எல்லாவற்றையும் கையால் துவைக்கின்றனர் என்றும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெயிலைக் காண்பதில்லை என்றும், படுக்கையிலேயே நனைத்துவிடும் முதியவர் பலர் உள்ளனர் என்றும் அவர் கூறினார். எங்களில் சிலருக்குப் பருத்தியே தூயது, அதுவே தகும் என்ற பிடிவாதம் இருந்தது. அன்று அது அகன்றது. இலேசாக, விரைந்து உலரும் பாலியெஸ்டர் விரிப்பை உள்ளே வைத்து, உடம்பில் படும் இரு பக்கமும் நெருக்கமான பருத்தித் துணி இட்டுத் தைத்தோம். கணப்பு அருகில் படுக்கும் இருவர்க்கு மட்டும் கம்பளி தேடிப் பிடித்தோம். பூவேலைக்கு நேரமில்லை. ஆனால் ஒவ்வொரு போர்வையின் மாதிரியும் மூன்று முறை துவைக்கப்பட்டது.

அடுத்த குளிர்காலத்தில் சென்றபோது, பாட்டியின் கால்மாட்டில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அது அவர் தோளைச் சுற்றி இருந்தது. ஓரத்தில் தேநீர்க் கறைகூடப் படிந்திருந்தது. அக்கறையைக் கண்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பயன்படும் பொருளில்தானே கறை படியும்!

விலை கொடுத்து வாங்குகிறவர் குறை சொல்வார். மாற்றித் தரக் கேட்பார். அன்பளிப்பாகப் பெறும் ஏழையோ குறை சொல்வதில்லை. “நல்லாத்தான் இருக்கு தாயி” என்று சொல்லிவிட்டு, இரவில் தனியே நடுங்குவார். ஆகவே கொடுக்கும் பொருளைச் சோதிக்கும் கடமை கொடுப்பவரையே சார்ந்தது. மேல்துணியின் அழகை ஊரார் காண்பர். உள்ளே இருப்பதை ஒருவரும் காணார். ஆனால் நள்ளிரவில் போர்த்திப் படுப்பவர் அறிவார். இந்த ஆண்டும் குளிர் வருமுன் ஊசியும் நூலும் எடுக்கும் தாய்மாரே, உள்ளே வைப்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். வண்ணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.